ஏறுடா சிங்கக்குட்டி, இறங்குடி செல்லக்குட்டி

பொங்கல் லீவுக்கு மதுரை போயிருந்தேன். பெங்களூர்ல பொட்டி தட்டுற எல்லாரையும் போல, மூணு நாள் லீவோட ரெண்டு நாளைச் சேத்துப் போட்டு, மேனேஜர்கிட்ட முறைப்பு வாங்கிட்டுத்தான் கிளம்பினேன். ஊர்ல நடந்த ஒரு சின்ன விஷயம் இன்னமும் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. எழுதிட்டா இறங்கிடும்னு ஒரு நம்பிக்கை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கங்க மக்களே.

காணும் பொங்கல் அன்னிக்குக் குடும்பத்தோட சமணர் மலைக்குப் போனோம். மதுரைக்காரங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு: நாகமலைப் புதுக்கோட்டை பக்கம் கீழக்குயில்குடின்னு ஒரு ஊர். ஊர் ஓரத்துல தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அதுக்குப் பின்னாடி மொழுமொழுன்னு பாறையா ஒரு மலை. பாறையில வெட்டின படி வழியா ஏறினா பேச்சிப்பள்ளம். அங்க ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழமையான தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையா இருக்கும்.

எங்க கூட ரெண்டு பொடிசுக. ஒண்ணு எங்க அக்கா மக, எனக்கு மருமக. இன்னொண்ணு பெரியப்பா மகன் வழியில அண்ணன் பையன். அவனுக்கு நாலு வயசு முடியப் போகுது. அவ அவனுக்கு மூணு மாசம் இளையவ. படிக்கட்டைப் பாத்ததும் ரெண்டும் ஒண்ணாத்தான் ஓடுச்சுக. அடுத்த நிமிஷம் பின்னாலேர்ந்து ரெண்டு விதமா சத்தம் வருது.

"ஏறுடா சிங்கக்குட்டி!" இது அவனுக்கு.

"ஏய் செல்லக்குட்டி, இறங்குடி, விழுந்துருவ! மாமாகிட்ட வா." இது அவளுக்கு.

மாமா யாரு? நான்தான். நானும் பெரிய இவனாட்டம் ஓடிப்போய் அவளைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டேன். "இறக்கி விடு மாமா"ன்னு காலை உதறுனா. நான் விடல.

பய பாதி தூரம் போனதும் திரும்பிப் பாத்தான். கீழ சரிவு தெரிஞ்சதோ என்னமோ, அப்படியே உக்காந்துட்டான். உதடு பிதுங்குது. அண்ணன் கீழேயிருந்து, "ஆம்பளப்பய அழலாமாடா? இன்னும் நாலே படி"ங்கிறார். எங்கப்பா கைதட்டுறார். நானும் ஒரு விசில் அடிச்சேன், மறைக்க விரும்பல. கூட்டத்துக்காக எந்திரிச்சான். ரெண்டாவது படியில கால் வழுக்கி, தாடை பாறையில மோதி, ரத்தம். ஆஸ்பத்திரியில மூணு தையல்.

தையல் போடும்போது அவன் அழுததை விட, வர்ற வழியில கார்ல என் மடியில உக்காந்துகிட்டு அக்கா மக கேட்ட கேள்விதான் எனக்கு வலிச்சது. "மாமா, அவனுக்குப் பயமா இருந்துச்சுல்ல. எனக்குப் பயமே இல்ல. ஏன் அவனை ஏறச் சொன்னீங்க, என்னைத் தூக்கிக்கிட்டீங்க?"

பதில் இல்ல. ஏசியை கூட்டி வச்சேன்.

மறுநாள் எனக்குள்ள இருந்த இஞ்சினியர் முழிச்சுக்கிட்டான். (மெக்கானிக்கல் படிச்சிட்டுக் கோடு எழுதுற சாதி நம்ம சாதி. எதையாவது அளந்து பாக்கலைன்னா தூக்கம் வராது.) மொட்டைமாடியில சாக்பீஸால ஒரு கோடு. கையில அளவு டேப்பு. நின்ன இடத்துலேர்ந்து ரெண்டு காலையும் சேத்துத் தாண்டணும், எவ்வளவு தூரம் தாண்டுவாங்கன்னு வீட்ல எல்லாரும் முன்கூட்டியே ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுக்கணும். அப்பா, அம்மா, அக்கா, மச்சான், அண்ணன், மதினி, நான். ஏழு பேர்.

பையனுக்கு நாங்க எழுதுனது 75 செ.மீ.லேர்ந்து 100 வரைக்கும். பாப்பாவுக்கு 30-லேர்ந்து 50. எங்கம்மா எழுதுன 30 தான் இருக்கிறதுலயே கம்மி. 30 செ.மீ.ங்கிறது ஒரு ஸ்கேல் நீளம். அதைத் தாண்டுறதுக்குத் தாண்டவே வேணாம், நடந்தாலே போதும்.

தாடையில பிளாஸ்திரி ஒட்டினவன் சந்தோஷமாத் தாண்டினான். மூணு வாய்ப்புல நல்லது 63. அவ தாண்டினா. 66.

இதுல ஒரு கூத்து என்னன்னா, எதிர்வீட்ல அஞ்சாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு ஒருத்தி வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னா. தினமும் சாயங்காலம் இந்த ரெண்டையும் வச்சு வெளாடுறவ. அவகிட்டயும் சும்மா கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே அளவுதான் அண்ணே தாண்டுவாங்க. இம்புட்டு"ன்னு தரையில கால் கட்டைவிரலால ஒரு கோடு போட்டுக் காமிச்சா. அந்தக் கோடு 60-ல இருந்துச்சு.

ஏழு பெரியவங்க, அதுல மூணு பேர் பட்டதாரி. தோத்தோம்.

ரெண்டு புள்ளைங்களை வச்சு ஒரு முடிவுக்கு வந்தா எங்க புள்ளியியல் வாத்தியார் டஸ்டரைத் தூக்கி எறிவார். தெரியும். ஆனா பிழையில ரெண்டு வகை உண்டுன்னு சொல்லிக் குடுத்ததும் அதே வாத்தியார்தான். ஒண்ணு, தாறுமாறா வர்ற பிழை. ஒரு தடவை கூட, ஒரு தடவை கம்மி. அதைச் சராசரி எடுத்தா சரியாயிடும். இன்னொண்ணு, தராசுலயே கோளாறு. எப்ப நிறுத்தாலும் நூறு கிராம் குறைச்சே காட்டும். அதை நூறு தடவை நிறுத்தாலும் சரியாகாது. எங்க வீட்டுத் தராசு ரெண்டாவது வகை. பையனை வச்சா ஏத்திக் காட்டுது, பொண்ணை வச்சா இறக்கிக் காட்டுது. ஏழு சீட்டுல ஒண்ணு கூட எதிர்ப்பக்கம் சாயல.

இது எங்க வீட்டு வியாதி மட்டும் இல்லைன்னு அப்புறம் தேடிப் படிச்சப்போ தெரிஞ்சது. நியூயார்க்ல எமிலி மாண்ட்ஷைன், கேரன் அடால்ஃப், கேத்தரின் டாமிஸ்-லெமோண்டான்னு மூணு ஆய்வாளர்கள் 2000-ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. பதினோரு மாசக் குழந்தைங்க, தவழுற வயசு. ஒரு சாய்வுப் பலகை, அதோட சரிவைக் கூட்டலாம், குறைக்கலாம். முதல்ல அம்மாக்களைக் கூப்பிட்டு, "உங்க புள்ளை எவ்வளவு செங்குத்தான சரிவு வரைக்கும் தவழ்ந்து இறங்கும்?"னு கேட்டிருக்காங்க. அதுக்கப்புறம் புள்ளைங்களை விட்டுப் பாத்திருக்காங்க. ஆண் குழந்தைகளோட அம்மாக்கள் சொன்னதுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் ஒரு டிகிரி அளவுக்குள்ள. பெண் குழந்தைகளோட அம்மாக்கள் சுமார் ஒன்பது டிகிரி குறைச்சுச் சொல்லியிருக்காங்க. சரிவுல இறங்குனதுல ஆண், பெண் குழந்தைகளுக்குள்ள வித்தியாசமே இல்ல!

சின்ன ஆய்வுதான், அமெரிக்க அம்மாக்கள்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. பதினோரு மாசம் ராத்திரி பகலாத் தூக்கி வளத்த அம்மா. அவங்களை விட அந்தப் புள்ளையை அதிகமாப் பாத்தவங்க உலகத்துலயே கிடையாது. அவங்க கண்ணுலயே ஒன்பது டிகிரி தப்புதுன்னா, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்கு வர்ற மாமன் எந்த மூலைக்கு?

உலக சுகாதார நிறுவனம் 2006-ல, இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு அஞ்சு நாட்டுக் குழந்தைகளைப் பாத்து ஒரு கணக்கு வெளியிட்டுச்சு. நல்லபடியா வளர்ற குழந்தை துணையில்லாம நடக்க ஆரம்பிக்கிறது 8.2 மாசத்துலயும் இருக்கலாம், 17.6 மாசத்துலயும் இருக்கலாம். ரெண்டும் சரிதான். நூத்துல நாலு குழந்தைங்க மண்டி போட்டுத் தவழாமலேயே எந்திரிச்சு நடந்துருதுகளாம். ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணுன்னு ரெண்டு அட்டவணை போடுற அளவுக்கு வித்தியாசம் இல்லைன்னு ஒரே அட்டவணைதான் போட்டாங்க. அதாவது, புள்ளைக்குப் புள்ளை வித்தியாசம் மலையளவு. ஆண் பெண் வித்தியாசம் கடுகளவு. நம்ம வீட்ல நாம பாக்குறது மட்டும் அந்தக் கடுகை!

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்றது"ன்னு யாராச்சும் கிளம்புறதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க சங்கதிக்கு வர்றேன். பிள்ளைத்தமிழ்ல பத்துப் பருவம்னு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணிருப்போம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி... மூணாம் மாசத்துல ஆரம்பிச்சு ஒத்தைப்படை மாசமா, இருபத்தோராம் மாசம் வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாசம்னு ஒரு கணக்கு உண்டு. அஞ்சாம் மாசம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, ரெண்டு கையையும் ஊன்றித் தலையை நிமித்தி ஆடுறது. ஒன்பதாம் மாசம் சப்பாணி: உக்காந்து கைகொட்டுறது. பதிமூணாம் மாசம் வருகை: தத்தித் தத்தி நடந்து வர்றது. குழந்தை டாக்டர் ரூம் சுவத்துல ஒட்டியிருக்கிற சார்ட்டு மாதிரியே இல்ல?

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், முதல் ஏழு பருவமும் ஆண்பால், பெண்பால் ரெண்டுக்கும் ஒண்ணுதான். கடைசி மூணுதான் பிரியுது. ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். பெண்ணோட மூணும் என்னன்னு பாருங்க. காயை மேல தூக்கிப் போட்டுப் பிடிக்கிறது, தண்ணியில இறங்குறது, ஊஞ்சல் ஆடுறது. மூணுக்கும் உடம்பு வளையணும். குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் திருமலை நாயக்கர் முன்னாடி அரங்கேத்துனது இதே மதுரையில, பதினேழாம் நூற்றாண்டுல. அந்தப் பாட்டுல வர்ற குழந்தையை யாரும் இடுப்பை விட்டு இறக்காம வச்சிருக்கல.

அதுக்கும் மேல ஒரு கதை. திருவிளையாடல் புராணத்துல மலயத்துவச பாண்டியன் புள்ளை வேணும்னு வேள்வி பண்றான். மூணு வயசுப் பொண்ணா தடாதகை தீயிலேர்ந்து வர்றா. ராஜாவுக்கு மனசு சுணங்குது. அப்போ, இவளை மகனைப் போலவே வளர்னு அசரீரி கேக்குது. யானையேற்றம், குதிரையேற்றம், படைக்கலம் எல்லாம் கத்துக்குடுக்கிறாங்க. பிறகு அவ திக்விஜயம் போனது ஊரறிஞ்ச கதை. சித்திரைத் திருவிழாவுல எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள்தான் திருக்கல்யாணம். வருஷா வருஷம் மாசி வீதியில நின்னு கும்பிடுறோம். அங்க நிக்கிறப்பவே பக்கத்துல ஒரு குரல் கேக்கும், "ஏய் பொம்பளப்புள்ள, ஓடாத, விழுந்துருவ."

"மகனைப் போல"ங்கிற வார்த்தையை நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். அதுல மகன் முக்கியம் இல்ல. தடுக்காதங்கிறதுதான் விஷயம். தடுக்காம வளக்குறதுக்கு நம்ம பாஷையில அன்னிக்கு இருந்த ஒரே பேரு அதுதான் போல.

சரி, பொண்ணுங்களைக் குறைச்சு மதிப்பிடுறோம், பசங்களைக் கூட்டி மதிப்பிடுறோம், அவ்வளவுதானேன்னா, அங்கதான் எனக்கு உதைக்குது. எப்பவும் குறைச்சா மதிப்பிடுறோம்?

சோழவந்தான் பக்கம் எங்க தாத்தா ஊர்ல குழாயடியில நின்னு பாருங்க. ஏழு வயசுப் பொண்ணு பிளாஸ்டிக் குடத்துல தண்ணி பிடிச்சு இடுப்புல வச்சுப் போகும். எட்டு வயசு அக்கா ஒன்றரை வயசுத் தம்பியை இடுப்புல தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவாத் திரியும். "தூக்காத, விழுந்துருவ"ன்னு ஒரு ஆள் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? தண்ணி வேணும்னா அவளுக்குத் தெம்பு இருக்கு. தம்பியைப் பாத்துக்கணும்னா தெம்பு இருக்கு. மலை ஏறணும்னாத்தான் தெம்பு இல்ல. இந்தப் பக்கம் சிவகாசி தீப்பெட்டி ஆபீஸ்கள்ல புள்ளைங்க வேலை பாத்த காலத்துல, "சின்ன விரலுக்குத்தான் இந்த வேலை வரும்"னு ஒரு சமாதானம் சொல்வாங்க. புள்ளைங்க உடம்பைப் பத்தி நம்மாளுங்க எவ்வளவு துல்லியமாக் கணக்குப் போட்டிருக்காங்க பாருங்க!

எங்க வீட்லயே ஒண்ணு. மலையில அவளைத் தூக்கி வச்சுக்கிட்ட அதே நான், அதே வீடு. வாசல்ல சம்ப்பு மேல ஒரு பழைய பிளாஸ்டிக் மூடி. பூட்டு கிடையாது. "அவளால அதைத் தூக்க முடியாது"ன்னு எல்லாருக்கும் நம்பிக்கை. மூணாம் நாள் பாத்தா, மூடியை ஒரு பக்கமா நெம்பி நகட்டி வச்சுட்டு உள்ள எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கா. "மீன் இருக்கா மாமா?"ங்கிறா. எனக்குக் கை நடுங்கிடுச்சு. தண்ணியில மூழ்கிச் சாகிறது உலகம் முழுக்க ஒண்ணுலேர்ந்து நாலு வயசுக்குள்ளதான் அதிகம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. "முடியாது"ங்கிற நம்ம கணிப்பு அவளைக் காப்பாத்துறதுக்காகன்னா, அது முதல்ல அந்தச் சம்ப்புக்கு ஒரு பூட்டு வாங்கியிருக்கணும். வாங்கல. மறுநாள் காலையில நான்தான் போய் வாங்கினேன்.

ஆகக்கூடி, நாம அளக்குறது புள்ளையோட உடம்பை இல்லீங்க. நமக்குப் பயமா இருந்தா முடியாதுங்கிறோம். வேலை ஆகணும்னா முடியுங்கிறோம். பூட்டு வாங்க சோம்பேறித்தனம்னா மறுபடி முடியாதுங்கிறோம். பெருமை வேணும்னா?

பெருமை வேணும்னா என்ன ஆகும்கிறதுக்கு இந்தியாவுலயே பெரிய உதாரணம் புதியா சிங். மறந்திருப்பீங்க. 2006, மே 2. ஒடிசாவுல, அப்போ ஒரிசா, பூரியிலேர்ந்து புவனேஸ்வர் வரைக்கும் 65 கிலோமீட்டர், ஏழு மணி நேரம் ரெண்டு நிமிஷத்துல ஓடின பையன். வயசு நாலு. எங்க வீட்டுப் பயலை விட சில மாசம் பெரியவன், அவ்வளவுதான். மே மாச ஒரிசா வெயில். லிம்கா சாதனைப் புத்தகத்துல பேர் வந்துச்சு. எல்லா சேனல்லயும் அவன்தான். டாக்டர்கள் பரிசோதிச்சுப் பாத்தப்போ ஊட்டச்சத்துக் குறைவு, ரத்தசோகை, இதயத்துக்கு அதிகப்படியான சுமைன்னு சொன்னாங்க. அரசாங்கம் நெடுந்தூரம் ஓடத் தடை போட்டுச்சு. பயிற்சியாளர் பிரஞ்சி தாஸ் 2008-ல சுட்டுக் கொல்லப்பட்டார். பையன் அரசு விளையாட்டு விடுதிக்குப் போனான். 2016-ல மனோஜ் பாஜ்பாய் நடிச்சு அவன் கதை சினிமாவா வந்துச்சு.

இந்தக் கதையில வில்லன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் ரெண்டு கட்சி உண்டு. வறுமையில கிடந்த புள்ளைக்குச் சோறு போட்டுத் தூக்கி விட்டவரும் அந்தப் பயிற்சியாளர்தான். அதனால அந்தப் பஞ்சாயத்துக்கு நான் போகல. என் கேள்வி வேற. அவனால 65 கிலோமீட்டர் முடிஞ்சதா? முடிஞ்சது. அப்போ அவங்க கணிப்பு சரிதானே?

இல்லன்னுதான் நான் நினைக்கிறேன். தமிழ்ல "முடியும்"ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு அர்த்தம் ஒளிஞ்சிருக்கு. செய்ய முடியும், தாங்க முடியும். பாலம் கட்டுறவனைக் கேளுங்க. பத்து டன்னுக்குப் போட்ட பாலம் ஒரு நாள் பதினெட்டு டன் லாரியையும் விட்டுடும். அதுக்காகப் பதினெட்டு டன் பாலம்னு போர்டு மாத்த மாட்டான். விரிசல் உடனே வெளிய தெரியாது. எங்க பயலும் அந்தக் கடைசி நாலு படியில ரெண்டு ஏறினான்ல? "பாத்தியா, முடியுதுல்ல"ன்னுதான் நாங்க கைதட்டுனோம். அவன் உக்காந்தானே, உதடு பிதுக்குனானே, அதுதான் அவன் போர்டு. நாங்க படிக்கல.

இப்ப அம்மா எழுதுன அந்த 30 செ.மீ.க்கு வர்றேன்.

சீட்டைக் காமிச்சு அம்மாவை ஓட்டினேன். ஏன்னா அம்மா சின்ன வயசுல தாத்தா ஊர்க் கிணத்துல பம்புசெட்டு ரூம் மேல ஏறி நின்னு குதிச்சவங்க. அந்த வீரக்கதையை நூறு தடவை கேட்டிருக்கோம். "நீ அங்கேர்ந்து குதிச்சவ, உன் பேத்தி ஒரு ஸ்கேல் தாண்ட மாட்டாளா?"ன்னேன்.

அம்மா சிரிக்கல. "எங்களை அப்ப யாருடா பாத்தா? ஒன்பது புள்ளையில நான் ஏழாவது"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஒன்பதுன்னு சொல்றேன், எட்டுப் பேரைத்தானடா நீ பாத்திருக்க"ன்னாங்க.

முப்பது வயசு ஆகப்போற எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு மூத்தவ ஒருத்தி இருந்திருக்கா. நாலு வயசு. பெரியவங்க களத்துல இருந்தப்போ, அண்ணன்மார் குதிக்கிறதைப் பாத்துட்டு இதுவும் கிணத்துப் படியில இறங்கியிருக்கு. "அதெல்லாம் அம்புட்டுத் தூரம் போகாது"ன்னு நினைச்சிருந்தாங்களாம். அந்த வார்த்தையை அம்மா சொன்னப்போ எனக்குச் சம்ப்பு மூடி ஞாபகம் வந்துச்சு.

"அதுக்கப்புறம்தான்டா தாத்தா கயிறு கட்ட ஆரம்பிச்சார்"னாங்க.

அந்தக் கயிறு எனக்குத் தெரியும். நானும் அந்தக் கயித்துல தொங்குனவன்தான். முதுகுல சுரைக்குடுக்கை, இடுப்புல கயிறு, மறுமுனை கிணத்து மேல நிக்கிற தாத்தா கையில. பேரன் பேத்தி வித்தியாசம் கிடையாது. தண்ணி குடிச்சுத் தத்தளிச்சாலும் உடனே தூக்க மாட்டார். "எப்படித் தாத்தா தெரியும், எப்பத் தூக்கணும்னு?" ஒரு தடவை கேட்டேன். "கயிறு சொல்லும்டா"ன்னார். புள்ளை வெளாட்டுக்கு உதறுனா கயிறு ஒரு மாதிரி இழுக்கும், பயந்து உதறுனா வேற மாதிரி இழுக்குமாம். ஒவ்வொரு நாளும் கயித்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்துவார். ஒரு நாள் கயிறு தொய்ஞ்சே கிடக்கும். அன்னிக்கு அவிழ்த்துடுவார். சில புள்ளைக்கு நாலு நாள், சில புள்ளைக்குப் பத்து நாள். யாரையும் ஒருத்தரோட ஒருத்தரை ஒப்பிட்டு அவர் சொல்லி நான் கேட்டதில்ல.

நாங்க அதை ஒரு கிராமத்து வேடிக்கைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். ஒரு பொண்ணைக் கிணத்துக்குக் குடுத்த மனுஷன், கிணத்தை மூடாம, புள்ளைங்களையும் வீட்ல அடைக்காம, கயிறு வாங்கியிருக்கார்னு இப்பத்தான் புரியுது.

அதனால, "அந்தக் காலத்துல எங்களை யாரு பாத்தா, நாங்க வளரலையா"ன்னு பழம்பெருமை பேசுற கோஷ்டியில நான் இல்ல. வளராமப் போனவங்க வந்து பேச மாட்டாங்க. விழுந்தா என்ன ஆகும்னு பதர்ற அம்மாக்களைக் கிண்டல் பண்ணவும் இனி எனக்கு வாய் வராது. பயம் நியாயமான பயம். ஆனா பயத்தை வச்சு அளவு எடுக்க முடியாது. பெருமையை வச்சும் முடியாது. பாத்துத்தான் எடுக்கணும். எதிர்வீட்டு அஞ்சாங்கிளாஸ் பொண்ணு ஜெயிச்சதுக்கு வேற ரகசியம் இல்ல. அவளுக்கு இந்த ரெண்டு புள்ளைங்க மேலயும் பயமும் இல்ல, பெருமையும் இல்ல. தினமும் வெளாடுறா, பாக்குறா.

விழறதைப் பத்தியும் ஒண்ணு. நடக்கக் கத்துக்குற குழந்தைங்களை அதே கேரன் அடால்ஃப் குழு எண்ணிப் பாத்து 2012-ல எழுதுனாங்க. ஒரு மணி நேரத்துக்குச் சராசரியா 2,368 அடி எடுத்து வைக்குதுக. 17 தடவை விழுதுக. மணிக்குப் பதினேழு! நாம ஒரு தடவை விழுந்தா ஒரு வருஷம் அந்தப் பக்கம் போக மாட்டோம். விழாம நடக்கப் பழகுன புள்ளை கிடையாது. எங்க விழலாம், எங்க விழக்கூடாதுன்னு பாத்து வைக்கிறது மட்டும்தான் நம்ம வேலை. தரையில விழலாம், சம்ப்புல விழக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நாள் சாயங்காலம் மறுபடி கீழக்குயில்குடி போனோம். கூட்டம் வேணாம்னு நான், அண்ணன், ரெண்டு பொடிசுக மட்டும். அவளை இறக்கி விட்டேன். அவளுக்கு ரெண்டு படி கீழ நான், கையைத் தயாரா விரிச்சுக்கிட்டு. என்னையும் அறியாம நாலஞ்சு தடவை "பாத்து, பாத்து"ன்னேன். அவ திரும்பிப் பாத்து, "நீ பேசாம வா மாமா"ன்னா. எந்தப் படியில கையை ஊனணும், எங்க உக்காந்து ஏறணும்னு அதுவே பாத்துப் பாத்து ஏறுது. பேச்சிப்பள்ளத்துக்குச் சரியா பத்துப் படி இருக்கிறப்ப நின்னா. மேல பாத்தா, கீழ பாத்தா.

"போதும் மாமா. இறங்கலாம்."

சத்தியமாச் சொல்றேன், "இன்னும் பத்தே படிதான்டா குட்டி"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கடிச்சுக்கிட்டேன்.

இறங்கி வந்தப்போ பய, தாடைப் பிளாஸ்திரியோட, அண்ணன் பக்கத்துல குளத்தங்கரையில உக்காந்து தாமரை எண்ணிக்கிட்டு இருந்தான். "நீ ஏறலையாடா?"ன்னேன். "நாளைக்கு ஏறுறேன் சித்தப்பா"ன்னான். அண்ணன் ஒண்ணும் சொல்லல. அவன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டார்.

உங்க வீட்லயும் இந்த வயசுல ஏதாச்சும் சுத்திக்கிட்டு இருந்தா ஒரு சாக்பீஸ் எடுங்க. புள்ளை தாண்டுறதுக்கு முன்னாடி உங்க கணிப்பை எழுதி வைங்க, அப்புறம் மாத்திச் சொல்லக்கூடாது. வந்த நம்பரை இங்க சொல்லுங்க. திட்டுறதா இருந்தாலும் சொல்லுங்க :-)

டிஸ்கி: சம்ப்புக்குப் பூட்டு நூத்தம்பது ரூபாய்க்குள்ள முடிஞ்சிருச்சு. இந்தப் பதிவுல வேற எதையும் செய்யலைன்னாலும், அதை மட்டும் இன்னிக்கே செஞ்சுடுங்க.